ஊட்டி தாவரவியல் பூங்காவை மேலிருந்து கீழே பாருங்கள்

ஊட்டிக்கு முதன்முறையாக வருகிறவர்கள் தாவரவியல் பூங்காவில் நுழைந்ததும் நேராகப் பெரிய புல்வெளிக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பூப்பாத்திகளைச் சுற்றிவிட்டு, கண்ணாடி மாளிகையில் எட்டிப் பார்த்துவிட்டு, "பூங்கா முடிந்தது" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். மேலே பாதிப் பூங்கா பார்க்கப்படாமல் கிடக்கிறது. ஊரின் வேர் இருப்பதும் அந்த மேல்பாதியில்தான்.

பல ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். சமவெளியிலிருந்து உறவினர்கள் வந்தால் பூங்காவுக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அப்படிப் போய்வந்ததில் எனக்கென்று ஒரு வரிசை அமைந்துவிட்டது. காலில் தெம்பு இருக்கும்போதே மேலே ஏறிவிட வேண்டும். பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். வெளியே வந்த பிறகு நீரூற்று, தேவாலயம், கல் பங்களா என்று ஊருக்குள் நடக்க வேண்டும். ஒரு முழு நாள் ஒதுக்கினால் அவசரமில்லாமல் முடியும்.

கிளம்பும் முன்

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பும் உண்டு. அதனால் சீசன் வார இறுதியில் வருகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. அரசு பஸ்ஸில் வந்தால் இந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மே மாதத்தில் ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும்.

மலை ரயிலில் வர ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அது காலை ஏழு மணியளவில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி நண்பகலில்தான் ஊட்டி வந்துசேரும். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பாதை அது. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் ஏறுகிற ரயில். அதற்கென்று தனியாக ஒரு நாள் கொடுங்கள். பூங்காவையும் அதே நாளில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு மலை ஏறாதீர்கள். நீலகிரியில் அதற்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று இருந்தால் ஊருக்குள் இருக்கும் குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம். எந்த மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை குடையும் வேண்டும். செருப்பைவிட, பிடிமானம் உள்ள ஷூ நல்லது. பூங்காவின் மேல்பாதை ஈரத்தில் வழுக்கும்.

எந்த மாதம் வருவது? மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடக்கிறது. 1896-ல் தொடங்கிய வழக்கம் அது. பூ பார்க்க வேண்டும் என்றால் அதுதான் நேரம், ஆனால் கூட்டத்தில் மனிதத் தலைகளுக்கு நடுவேதான் பார்க்க முடியும். மரங்களைப் பார்க்க வேண்டும், அமைதியாக நடக்க வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசன் போதும். மழை இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பூஞ்செடிகள் கருகிவிடாமல் இருக்க, கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளால் ஊழியர்கள் அவற்றுக்குக் கூரை போட்டுவைப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை குளிர்காலத்தில் வரலாம்.

பஸ் நிலையத்திலிருந்து பூங்கா வாசல் வரை

மத்திய பஸ் நிலையத்திலிருந்து பூங்கா ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ கிடைக்கும், டவுன் பஸ்ஸும் கிடைக்கும். வழி கேட்கும்போது "கார்டன்" என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும். போகும் வழியில் சேரிங் கிராஸ் வரும். குன்னூர் சாலையும் கமர்ஷியல் சாலையும் கார்டன் ரோடும் கூடுகிற சந்திப்பு அது. ஊரில் எங்கே வழி தவறினாலும் "சேரிங் கிராஸ் எந்தப் பக்கம்" என்று கேளுங்கள், மறுபடி தடம் கிடைத்துவிடும்.

அந்தச் சந்திப்பின் நடுவே இருப்பது ஆடம் நீரூற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக எழுப்பியது. அவர் 1881 மே மாதத்தில் இங்கே ஊட்டியிலேயே இறந்துபோனார். அவருடைய கல்லறை ஏரிப் பக்கம் இருக்கும் புனித தாமஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அது ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். திரும்பும்போது நேரம் இருந்தால் பாருங்கள்.

சேரிங் கிராஸிலிருந்து கார்டன் ரோட்டில் நடந்தே போகலாம். அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரைத் தாண்டி, பூங்காவை நெருங்கும் இடத்தில் திபெத்தியர்கள் நடத்தும் கம்பளிச் சந்தை இருக்கிறது. ஸ்வெட்டர் மறந்து வந்தவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். மற்றவர்கள் அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது சிரமம்.

காலை ஏழு மணிக்கே பூங்காவுக்கு டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எட்டு மணிக்குள் உள்ளே இருப்பதுபோல் திட்டமிடுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கவுன்ட்டரில் இருக்கும் பலகையைப் பாருங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

உள்ளே நுழைந்ததும் ஏறுங்கள்

இந்த இடத்தில்தான் மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். வாசலைக் கடந்ததும் புல்வெளியும் பூக்களும் இழுக்கும். நிற்காமல் மேற்பாதையைப் பிடியுங்கள். பூங்கா மொத்தம் 55 ஏக்கர். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் படிப்படியாக உயர்ந்து போகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் இது. சமவெளியிலிருந்து வந்த முதல் நாளில் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். பயப்பட ஒன்றுமில்லை. பத்து நிமிடம் நடந்து, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி நடங்கள். என் சித்தி முழங்கால் வலியோடு இப்படித்தான் ஏறினார், மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. முழங்கால் உண்மையிலேயே ஒத்துழைக்காதவர்கள் ஏற வேண்டாம், கீழ்ப்பூங்காவிலேயே அவர்களுக்கு அரை நாள் பார்க்க இருக்கிறது.

போகிற வழியில் ஒரு பக்கம் வேலியும் காவலும் தெரியும். அது ஆளுநர் மாளிகை. கோடைக்காலத்தில் சென்னை அரசாங்கமே மலைக்கு ஏறி வந்த காலத்தில், ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு கட்டியது. உள்ளே அனுமதி இல்லை.

பூங்காவின் உச்சியில் இருக்கிறது மஞ்சக்கல் மந்து. மந்து என்றால், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு. உங்கள் கையில் இருக்கும் பஸ் டிக்கெட்டில் 'உதகமண்டலம்' என்று இருக்கிறதே, அதற்குள்ளும் இந்த மந்து ஒளிந்திருக்கிறது. தோடர்களின் ஒத்தக்கல் மந்து என்ற பெயர்தான் வாய்க்கு வாய் திரிந்து இப்படி ஆனது. 1821-ல் 'மெட்ராஸ் கெசட்' இதழில் 'ஒட்டோக்கிமண்டு' என்பதுபோல் ஒரு எழுத்தில் இந்த ஊர்ப் பெயர் அச்சானது. ஆங்கிலேயர் நாவில் அது ஊட்டகமண்ட் ஆகி, கடைசியில் ஊட்டி என்று சுருங்கியது. தோடர்கள் எருமைகளை மேய்த்துத் திரிந்த புல்வெளிக்குத்தான் பிற்பாடு ஊரும் சாலையும் பூங்காவும் வந்தன. அதனால்தான் இந்த மந்துவை முதலில் பாருங்கள் என்கிறேன். இதைப் பார்த்துவிட்டு இறங்கினால் கீழே இருக்கும் ஒவ்வொன்றும் எதன்மேல் வந்து உட்கார்ந்தது என்பது தானாகவே விளங்கும்.

தோடர் குடில் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர் காற்று புகாமல் இருக்கவும், ஒருகாலத்தில் காட்டு விலங்குகள் நுழையாமல் இருக்கவும் அந்த அளவு. இன்று பெரும்பாலான தோடர்கள் சிமென்ட் வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பழைய வடிவக் குடில் இருக்கிறதே என்று அவர்களும் பழைய காலத்தில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களைப்போல் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள்.

மந்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். அது காட்சிப்பொருள் இல்லை, நாலு பேர் குடியிருக்கிற தெரு. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருவர் வந்து கேட்காமல் படம் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். முதலில் வணக்கம் சொல்லுங்கள். தமிழ் எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோடர் கோயிலும் குடில் வடிவத்திலேயே இருக்கும், சுற்றிலும் கற்சுவர் இருக்கும். அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. எது வீடு, எது கோயில் என்று தெரியாவிட்டால் எதற்குள்ளும் போகாதீர்கள். கூச்சல் வேண்டாம், எருமைகளைச் சீண்ட வேண்டாம்.

தோடர் பெண்கள் தைக்கும் பூவேலையை விற்பனைக்கு வைத்திருந்தால் நிதானமாகப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை. அவர்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளியில் இருப்பதும் இதே வேலைதான். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அச்சடித்த போலி வடிவங்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கையால் செய்ததற்கு விலை கூடத்தான் இருக்கும், அதற்குப் பேரம் பேசாதீர்கள். ஒரு சால்வைக்குப் பின்னால் வாரக்கணக்கான உழைப்பு இருக்கிறது.

இனி இறக்கம்

இறங்கத் தொடங்கும்போது வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்ற பெயரை மனத்தில் வையுங்கள். முதலில் இங்கே இருந்தது, ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டம். அது பொதுப் பூங்காவாக வேண்டும் என்று முடிவானபோது, லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்கைவரை வரவழைத்தார்கள். 1848-ல் அவர் வந்துசேர்ந்தார். அப்போது மேற்பகுதி செங்குத்தான காடு, கீழ்ப்பகுதி சேறு நிறைந்த சதுப்பு. அந்தச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, சதுப்பை வடிய வைத்து, பாதைகள் போட்டுப் பூங்காவாக்க அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. நீங்கள் இறங்குகிற பாதையின் ஒவ்வொரு வளைவும் அந்தப் பத்தாண்டு வேலை. நீலகிரியில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான சின்கோனாவைப் பயிரிட்டு வளர்த்ததிலும் அவருடைய பங்கு பெரியது. 1876-ல் இறக்கும்வரை நீலகிரியோடுதான் அவர் வாழ்க்கை பிணைந்திருந்தது.

மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, படித்துக்கொண்டே வாருங்கள். குழந்தைகளுக்குப் பிடிப்பது குரங்கு ஏற முடியாத மரம். இலைகள் எல்லாம் முள்முனையோடு தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பக்கத்து மரம். தக்கை மரத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பாட்டில் மூடும் தக்கை எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது, அது இந்த மரத்தின் பட்டை. காகிதப் பட்டை மரம் இன்னொன்று. பட்டை மெல்லிய தாள்களாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். உரித்துப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் ஆளுக்கொரு தாள் உரித்தால் மரம் என்ன ஆகும்! பெயரைக் கத்தியால் செதுக்குகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்.

இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து வேரூன்றியவை. இந்த மலைக்கே உரியவை சோலைக்காடும் புல்வெளியும்தான். அவற்றின் அழகைப் பார்க்க விரும்பினால் இன்னொரு நாள் தொட்டபெட்டா பக்கம் போங்கள். காட்டுப் பூவரசு அங்கே சிவப்பாகப் பூத்திருக்கும், குளிர்காலத்தில் பார்க்க வேண்டிய பூ. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஊட்டியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான்.

கீழே இறங்கினால் கல்மரம் இருக்கிறது. அடிமரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது, தொட்டால் பாறை. இரண்டு கோடி ஆண்டு பழமையானது என்று குறித்திருக்கிறார்கள். மரம் மண்ணில் புதைந்து, நீரில் கரைந்து வந்த சிலிக்கா அதன் நார்களுக்குள் இறங்கி, மரம் போய்க் கல் வந்து நின்றுவிட்டது. ஆனாலும் மரத்தின் வரிகள் அப்படியே இருக்கின்றன. குனிந்து பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இப்படிப்பட்ட கல்மரங்களுக்கென்றே தனிப் பூங்கா இருக்கிறது. கூட்டம் இதைச் சுற்றி நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் காத்திருந்தால் தனியாகப் பார்க்கக் கிடைக்கும்.

இத்தாலியன் பூங்கா இங்கே வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளால் அமைந்தது என்று சொல்வார்கள். பூப்பாத்திகளின் கச்சிதமான வடிவங்களை அங்கே பார்க்கலாம். கண்ணாடி மாளிகையும் பெரணிச் செடிகளும் மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம். மலர் மாடங்களில் தொட்டிச் செடிகளை அடுக்கிவைப்பது மே மாதத்திலும் இரண்டாம் சீசனிலும்தான். டேலியா, சால்வியா, பிகோனியா, பேன்சி என்று தட்டுக்குத் தட்டு நிறம் மாறும். ஏப்ரலில் வந்தால் பெரும்பாலும் மொட்டாகத்தான் இருக்கும், ஏமாந்துபோகாதீர்கள்.

கடைசியாக அந்தப் பெரிய புல்வெளி. இப்போது தாராளமாக உட்காருங்கள், கால் கேட்கும். சில நாள்களில் புல்லைக் காப்பதற்காகக் கயிறு கட்டி மூடியிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். தின்பண்டப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு வந்துவிடும்.

பூங்காவுக்கு வெளியே

இதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். சேரிங் கிராஸ் பக்கம் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பூ இன்னும் வேண்டும் என்றால் ரோஜாப் பூங்கா. மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995-ல் அமைந்தது. மலைச்சரிவில் தட்டுத் தட்டாக இறங்கும், நிலா மாடத்தில் நின்றால் முழுவதும் தெரியும். ஒரு மணி நேரம் போதும்.

கதை வேண்டும் என்றால் புனித ஸ்டீபன் தேவாலயமும் கல் பங்களாவும். நான் எப்போதும் இந்தப் பக்கம்தான். தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1831 ஈஸ்டரில் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து, அதன் மரங்களை இந்த மலைமேல் கொண்டுவந்து சேர்த்தார்கள். சரியான சாலைகூட இல்லாத காலத்தில் அந்தத் தேக்குகளைச் சுமந்து ஏற்றிய மனிதர்களையும் மாடுகளையும் நினைக்காமல் என்னால் அங்கே நிற்க முடிந்ததில்லை. பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் அவர்களுடைய மகளும் உறங்குகிறார்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த சல்லிவன்தான் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து 1819-ல் இந்த மலைக்கு வந்தவர். தோடர்களிடம் நிலம் வாங்கி 1822-ல் அவர் கட்டத் தொடங்கிய வீடுதான் கல் பங்களா. ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. ஊட்டி ஏரியை வெட்டியவரும் அவரே. வீடு இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வாசலில் காவலரிடம் கேட்டு, வகுப்பு நேரமானால் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் செங்கல் நிறத்தில் ஒரு அழகான கட்டடம் தென்பட்டால் அது நீலகிரி நூலகம். 1859-ல் தொடங்கியது, கட்டடம் ராபர்ட் சிசம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் வெளித்தோற்றம்தான் நமக்கு.

ஐந்து மணிக்கு மேல் குளிர் சட்டென்று இறங்கும். பஸ் நிலையத்துக்குப் போக இந்தப் பகுதியிலிருந்து ஆட்டோ எளிதாகக் கிடைக்கும். சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று சாலையை ஒருவழியாக்கிவிடுவார்கள். திரும்பும் பஸ் எந்த வழியாகப் போகிறது என்று ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.